வானிலையை மறைத்த மே மாதங்கள்

1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனியோடு போர் அறிவித்தது. அத்தோடு பிபிசி வானொலியில் தினமும் ஒலித்துவந்த வானிலை அறிவிப்பு நின்றுபோனது. பத்திரிகைகளில் நாளைய மழை, வெயில் பற்றிய பகுதியும் காணாமல் போனது. பெய்து முடிந்த மழையைப் பற்றிக்கூடப் பல நாள் கழித்துத்தான் எழுதலாம் என்று தணிக்கை வந்தது. இந்த மௌனம் 1945 மே வரை நீடித்தது.

அறிவிப்பு நின்ற ஒரே மாதத்தில், அக்டோபர் தொடக்கத்தில், வேளாண் அமைச்சர் சர் ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித் அதே வானொலியில் மக்களிடம் பேசினார். நாட்டுக்கு இன்னும் ஐந்து லட்சம் தோட்டத் துண்டுகள் வேண்டும் என்றார். அவற்றை ஒழுங்காகப் பயிரிட்டால் பத்து லட்சம் பெரியவர்களுக்கும் பதினைந்து லட்சம் குழந்தைகளுக்கும் ஆண்டில் எட்டு மாதத்துக்கான உருளைக்கிழங்கும் காய்கறியும் கிடைக்கும் என்று கணக்கும் சொன்னார். உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாடு அது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருந்தன.

காய்கறி போடு என்று கேட்ட அரசு, இன்றிரவு பனி விழுமா என்பதை மட்டும் சொல்ல மறுத்தது. மண்ணில் கைவைத்தே பழகாத குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் குடும்பத் தலைவிகளும் இந்த நிலையில்தான் ஐந்து கோடைகளை ஓட்டினார்கள். பிரிட்டனின் போர்க்கால வீட்டுத் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவரொட்டிகளையும் எண்ணிக்கைகளையும் நிறையச் சொல்வார்கள். அந்தத் தோட்டங்களின் உண்மையான சோதனை, ஒவ்வோர் ஆண்டும் மே மாத நடுவிலிருந்து ஜூன் மாத நடு வரையிலான சில வாரங்களில் நடந்தது.

வானிலையை மறைத்ததற்குக் காரணம் பூகோளம். பிரிட்டனின் மழையும் காற்றும் பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வருகின்றன. பிறகுதான் கிழக்கே ஐரோப்பாவுக்குப் போகின்றன. இன்று லண்டனில் என்ன நிலவரம் என்று தெரிந்தால், நாளை வானம் எங்கே தெளியும், எங்கே குண்டு போடலாம் என்று ஜெர்மன் விமானப்படை கணிக்க முடியும். அதனால் வானிலை இராணுவ இரகசியமானது. 1940 புத்தாண்டு நாளில் எடின்பரோவில் ஹிபர்னியன், ஹார்ட்ஸ் அணிகள் மோதிய கால்பந்து ஆட்டத்தை பிபிசி படைவீரர்களுக்காக நேரடியாக ஒலிபரப்பியது. மைதானத்தையே விழுங்கும் மூடுபனி. வர்ணனையாளர் பாப் கிங்ஸ்லிக்குப் பந்தும் தெரியவில்லை, ஆட்டக்காரர்களும் தெரியவில்லை. பனி என்ற சொல்லை உச்சரிக்கவும் அனுமதி இல்லை. கோட்டோரத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து சொன்னதைக் கேட்டு, மீதியைக் கற்பனையில் நிரப்பி அவர் ஆட்டம் முழுவதையும் வர்ணித்து முடித்தார். ஹார்ட்ஸ் 6-5 என்று வென்றது.

நமக்கு மே மாதம் என்றால் அக்னி நட்சத்திரம். அங்கே மே மாதத்தின் பயம் குளிர். பகல் நீண்டு, வெயில் இதமாகி, ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும் நேரம். ஒரு வாரம் தொடர்ந்து வெயில் அடித்தால் புதிதாகத் தோட்டம் போட்டவருக்குக் கை துறுதுறுக்கும். தக்காளி நாற்றை வெளியே நட்டுவிடுவார், பீன்ஸ் விதையை ஊன்றிவிடுவார். மேகமில்லாத, காற்றில்லாத ஓர் இரவு போதும். பகலில் மண் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போய்விட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளமான இடங்களில் தேங்கும். விடியும்போது உருளைக்கிழங்குத் தளிர்களும் பீன்ஸ் முளைகளும் வெந்த கீரையைப் போலக் கறுத்துக் கிடக்கும். பூத்த மரத்தில் உறைபனி விழுந்தால் வெளியில் எதுவும் தெரியாது. பூவின் நடுவே சூலகம் மட்டும் கறுத்திருக்கும். அந்த ஆண்டு அந்தக் கிளையில் காய் இல்லை. 1935 மே நடுவில் இப்படி வந்த உறைபனி இங்கிலாந்தின் பழத்தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. போர் தொடங்கியபோது அந்த நினைவு பழைய தோட்டக்காரர்களிடம் பசுமையாக இருந்தது.

இந்தக் குளிருக்கு நாட்டுப்புறத்தில் கதைகளும் உண்டு. டெவன் பகுதியில் ஆப்பிளிலிருந்து மது இறக்குவார்கள். அங்கே பீர் காய்ச்சிய ஒருவன், ஆப்பிள் மதுவின் போட்டி தாங்காமல், பூக்கும் காலத்தில் மூன்று இரவு உறைபனி அனுப்பும்படி சாத்தானிடம் தன் ஆன்மாவை விற்றான் என்பது ஒரு கதை. வேறு வடிவத்தில் அந்தப் பீர்க்காரர் புனித டன்ஸ்டன். அவருடைய திருநாள் மே 19. ஐரோப்பியக் கண்டத்தில் மே 11 முதல் 13 வரையிலான நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பார்கள். 1860களில் ஸ்காட்லாந்து வானிலையாளர் அலெக்சாண்டர் புக்கன் பழைய பதிவேடுகளை அலசி, ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே தேதிகளில் குளிர் திரும்புவதாகச் சொன்னார். மே 9 முதல் 14 வரை அவர் குறித்த குளிர் நாட்களில் ஒன்று. பிற்காலக் கணக்குகள் அந்தத் தேதிகளை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் மே மாதம் முடியும் வரை வானத்தை நம்பாதே என்ற எச்சரிக்கையில் விவசாயியும் விஞ்ஞானியும் ஒரே பக்கம் நின்றார்கள்.

கோடைத் தொடக்கத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. வெளியே எங்கு பார்த்தாலும் பச்சை. சமையலறைக்குப் பறிக்க ஒன்றும் இருக்காது. குளிர்காலத்தைத் தாங்கிய முட்டைக்கோஸ், லீக்ஸ், கேல் கீரை எல்லாம் ஏப்ரல் வெயிலில் பூத்தண்டு விட்டு முற்றிவிடும். சேமித்த உருளைக்கிழங்கு சுருங்கி முளைவிடும். புதுப் பட்டாணியும் முதல் உருளைக்கிழங்கும் ஜூனில்தான் கைக்கு வரும். இடைப்பட்ட வாரங்களைத் தாண்ட ஒரே வழி, முந்தைய ஆண்டு மே, ஜூனிலேயே அடுத்த வசந்தத்துக்கான புரோக்கோலியையும் லீக்ஸையும் விதைத்திருப்பது. ஓராண்டு முன்கூட்டி நினைக்காதவருக்கு அந்த வாரங்களில் தோட்டம் எதையும் தராது.

இந்த மண்ணுக்கும் சாமானியருக்கும் இடையிலான வழக்கு போரைவிட மிகப் பழையது. 1649 ஏப்ரலில் சர்ரே மாவட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் குன்றின் பொதுநிலத்தில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் அவரோடு ஒரு சிறு கூட்டமும் கேரட், பார்ஸ்னிப், பீன்ஸ் விதைத்தார்கள். நிலம் எல்லோருக்கும் பொதுவான கருவூலம் என்பது அவர்கள் வாதம். சுற்றியிருந்த நிலக்கிழார்கள் பயிரை மிதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் கூட்டம் விரட்டப்பட்டது. நாட்டில் நடந்ததோ எதிர்த்திசையில். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களால் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் போனது. மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய உரிமையை இழந்த ஏழைகளுக்கு ஈடாகக் கொஞ்சம் தோட்ட நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1845 சட்டம் சொன்னது. உண்மையில் ஒதுக்கியது மிகச் சொற்பம். 1887இலும் 1908இலும் வந்த சட்டங்கள்தான், கேட்கிறவர்களுக்குத் தோட்டத் துண்டு கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்றாக்கின.

அலாட்மெண்ட் என்று அவர்கள் சொல்லும் இந்தத் துண்டின் வழக்கமான அளவு பத்து ராடு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஊருக்கு வெளியே, ரயில் பாதையோரத்தில், கல்லறை மதிலுக்குப் பின்னால் என்று மிஞ்சிய நிலங்களில் வரிசையாகக் கிடக்கும் துண்டுகள். ஆண்டு வாடகை கொடுத்து ஒரு குடும்பம் பயிர் செய்யலாம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, காலி மனைகளை எடுத்துப் பயிருக்குக் கொடுக்கும் அதிகாரம் 1916 டிசம்பரில் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்தது. போர் முடிந்தபோது 15 லட்சம் துண்டுகள் இருந்தன. பிறகு நில உரிமையாளர்கள் திரும்பக் கேட்டார்கள், வீடுகள் முளைத்தன. 1939இல் மிஞ்சியவை எட்டு லட்சம் சொச்சம்.

'வெற்றிக்காகத் தோண்டு' என்ற முழக்கத்தோடு அரசு இரண்டாம் முறை இறங்கியபோது முதல் போரின் பாடம் கையில் இருந்தது. நிலம் கொடுத்தால் மட்டும் போதாது, எப்போது என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும். முதல் துண்டறிக்கையே 90 அடி நீளம், 30 அடி அகலத் துண்டுக்கான ஓராண்டுத் திட்டம்: எந்தப் பாத்தியில் எது, அதை எடுத்த பின் எது, அடுத்த ஆண்டு எதை எங்கே மாற்றுவது. அமைச்சகத்தின் ஓயாத புலம்பல் ஒன்றுதான். எல்லோரும் கோடைக்கு லெட்யூஸும் பீன்ஸும் தின்னத் தீராமல் விளைவிக்கிறார்கள், குளிர்காலத்துக்கும் அடுத்த வசந்தத்துக்கும் யாரும் விதைப்பதில்லை. ஆண்டு முழுவதும் காய்கறி என்று அதன் சுவரொட்டிகள் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான். 1942இல் தழை, மணி, சாம்பல் மூன்றும் நூற்றுக்கு ஏழு ஏழு பங்காகக் கலந்த குரோமோர் உரம் வந்தது. எளிய கணக்கு, யாரும் குழம்ப வேண்டாம். இன்றும் அதே பெயரில் அங்கே கடைகளில் கிடைக்கிறது.

ஆனால் மக்கள் அதிகம் கேட்டது துண்டறிக்கையை அல்ல, ஒரு மனிதரின் குரலை. சிசில் ஹென்றி மிடில்டன், நார்தாம்ப்டன்ஷயர் கிராமம் ஒன்றில் தலைமைத் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1930களின் தொடக்கத்திலேயே பிபிசியில் தோட்டம் பற்றிப் பேசத் தொடங்கினார். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து நாடு சாய்வு நாற்காலியில் உட்காரும் நேரம் அவருடைய நேரம். சுமார் 35 லட்சம் பேர் கேட்டார்கள். பேராசிரியர் தொனி இல்லாமல், பக்கத்துத் துண்டுக்காரர் வேலிமேல் கைவைத்துப் பேசுவதுபோல் பேசுவார். ரோஜாவையும் டாலியாவையும் உயிராக நேசித்த அவர், போர்க்காலத்தில் வெங்காயத்தையும் லீக்ஸையும் பற்றிப் பேச வேண்டிவந்தது. அதையும் அக்கறையோடு செய்தார்.

வெங்காயம் அந்தப் போரில் பெரிய விஷயம். அதற்கு முன் பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்து வெங்காயச் சரங்களைச் சைக்கிளில் தொங்கவிட்டு வீடு வீடாக விற்கும் வியாபாரிகள் வருவார்கள். 1940 ஜூனில் பிரான்சும், சில நாட்களில் சேனல் தீவுகளும் ஜெர்மனி வசமாயின. ஒரே பருவத்தில் வெங்காயம் அரிய பொருளானது. அலுவலகக் குலுக்கலில் பரிசாக வைத்தார்கள். 1941இல் 'தி டைம்ஸ்' ஊழியர்களிடையே குலுக்கலுக்கு விட்ட ஒன்றரை ராத்தல் வெங்காயம் ஒன்று நாலு பவுண்டுக்கு மேல் ஈட்டியது. அடுத்த வசந்தத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் வெங்காயப் பாத்தி என்பது யாரும் சொல்லாமலே நடந்தது.

முன்னறிவிப்பு இல்லாமல் மே இரவுகளை எப்படிச் சமாளித்தார்கள்? பழைய கைமுறை அறிவால்தான். பொழுது சாயும்போது காற்று அடங்கி, மேகம் கலைந்து, நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டும். மேகம் போர்த்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். முளைத்த உருளைக்கிழங்கின் மேல் மண்ணை இழுத்து மூடுவது, நாற்றுகளைப் பழைய செய்தித்தாள், சாக்கு, வைக்கோல், காய்ந்த பெரணி இலை கொண்டு போர்த்துவது, கண்ணாடிக் கவிப்புகளை வைப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்து வேலை. மூடத் தவறியவர்கள் சூரியன் எழுமுன் குளிர்ந்த நீரைத் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். மெல்ல உருகினால் செடி பிழைக்க வாய்ப்புண்டு. அனுபவசாலி இருந்த வரிசையில் இந்த அறிவு வேலிதாண்டிப் பரவியது. தனியாகக் கொல்லையில் போட்டவர்கள் நட்டதை இழந்து கற்றார்கள். வானமும் தயவு காட்டவில்லை. 1940 ஜனவரி, நாற்பத்தைந்து ஆண்டுகளில் கண்டிராத குளிர். தேம்ஸின் மேற்பகுதி உறைந்தது, குவித்து மூடிய உருளைக்கிழங்கு பல இடங்களில் கெட்டது. 1941 மே, அந்த நூற்றாண்டின் மிகக் குளிர்ந்த மே மாதங்களில் ஒன்று.

வானிலையை மறைத்த அரசு வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தது. 1941 மே 4 முதல் கடிகாரம் கோடையில் கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னே ஓடியது. ஜூனில் லண்டனில் சூரியன் மறைய இரவு பத்தேகால் தாண்டியது. ஸ்காட்லாந்தின் வடக்கில் பதினொன்றுக்கு மேலும் வெளிச்சம். நிலக்கரியை மிச்சப்படுத்துவதும், ஊர் இருளுமுன் தொழிலாளர் வீடு சேர்வதும் அரசின் நோக்கம். ஆனால் பலன் தோட்டத்துக்கும் வந்தது. மாலை ஆறு மணிக்கு ஆயுத ஆலையிலிருந்து வெளியே வந்தவர் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் களை பறிக்கலாம், பிராட் பீன்ஸின் கருப்பு அசுவினி மொய்க்கும் நுனியைக் கிள்ளலாம், கொடிக்குக் கோல் நடலாம். பெரிய விவசாயிகள் இந்த நேர மாற்றத்தை வெறுத்தார்கள். கடிகாரம் காலை எட்டு என்றாலும் வைக்கோல் மேல் பனித்துளி காய்வது சூரியன் கணக்கில்தான் அல்லவா?

பழத்தின் கதை வேறு. ஆரஞ்சும் வாழைப்பழமும் கடைகளிலிருந்து மறைந்தபின் வீட்டுக் கொல்லையின் கூஸ்பெர்ரி, பிளாக் கரண்ட், ருபார்ப் தண்டு ஆகியவற்றின் மதிப்பு ஏறியது. பிளாக் கரண்டில் சி வைட்டமின் நிறைய என்பதால் அதன் சாற்றை 1942 முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது. கிராமங்களில் பெண்கள் சங்கங்கள், அரசு தனியாக ஒதுக்கிய சர்க்கரையைக் கொண்டு உபரிப் பழத்தை ஜாமாகக் காய்ச்சின. 1940 முதல் 1945 வரை அவை பதப்படுத்திய பழம் 5,000 டன்னுக்கு மேல். எந்த ஆண்டில் எவ்வளவு காய்ச்ச முடியும் என்பதை அடுப்பு தீர்மானிக்கவில்லை. பூத்திருந்த மே இரவுகள்தான் தீர்மானித்தன.

1943 வாக்கில் தோட்டத் துண்டுகள் 14 லட்சம் ஆயின. தோட்டங்களும் துண்டுகளும் சேர்ந்து அந்த ஆண்டில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் காய்கறி கொடுத்ததாக மதிப்பிட்டார்கள். லண்டன் கோபுரத்தின் அகழியில் காய்கறிப் பாத்திகள். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் மனைகளில், மக்கள் செங்கல்லையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கி, மண்ணைச் சல்லடையில் சலித்துப் பயிர் செய்தார்கள். வீட்டை இழந்தவர்களில் பலர் அந்த வீடு நின்ற தெருவிலேயே முட்டைக்கோஸ் நட்டார்கள். 1943 ஜூனில் அரசி எலிசபெத் அங்கே வந்து பார்த்தார். அந்தப் போரின் பிரிட்டிஷ் நினைவுகளில் தயக்கமின்றிப் பெருமைப்படத் தக்கது இந்தச் சலித்த மண்.

முதல் அழைப்பை விடுத்த டார்மன்-ஸ்மித் அப்போது அந்த நாட்டிலேயே இல்லை. 1941இல் பர்மாவின் ஆளுநராகப் போன அவர், 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது வெளியேற நேர்ந்தது. அவர் ஆண்ட நாட்டிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள்; வழியில் மாண்டவர்கள் பல ஆயிரம். வங்காளமும் சென்னை மாகாணமும் இலங்கையும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு 1942இல் 'அதிக உணவு விளைவிப்போம்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. லண்டனில் விதை, உரம், வானொலிப் பேச்சு, சமமான பங்கீடு என்று பின்னால் நின்ற ஏற்பாடு இங்கே இல்லை. பெத்னல் கிரீன் முட்டைக்கோஸை அரசி பார்வையிட்ட அதே 1943இல் வங்காளத்தில் பஞ்சம். மாண்டவர்கள் 30 லட்சம் வரை என்பது மதிப்பீடு. தோட்டக் கதையின் பெருமையைச் சொல்கிறவர்கள் இந்த வரியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் போர் முடிந்த 1945 மே 8 அன்று வானிலை அறிவிப்பு மக்களிடம் திரும்பியது. அந்தச் செப்டம்பரில் மிடில்டன் காலமானார். உணவுப் பங்கீடு 1954 வரை தொடர்ந்ததால் துண்டுகள் உடனே காலியாகவில்லை. ஆனாலும் பயிரிட்ட பூங்காக்கள் மீண்டும் பூங்காக்களாயின, குண்டு விழுந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1970இல் மிஞ்சியவை 5.3 லட்சம் துண்டுகள்.

போர்க்காலத் தோட்டக்காரர்களுக்குச் சட்டம் கொடுத்த ஒன்று மட்டும் நிலைத்தது. 1950இல் வந்த அலாட்மெண்ட் சட்டம், துண்டில் கோழியும் முயலும் வளர்க்கலாம், சேவல் மட்டும் கூடாது என்றது. நிலத்தைத் திரும்பக் கேட்கும் உள்ளாட்சி பன்னிரண்டு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்றும், அந்தக் கெடு ஏப்ரல் 6ஆம் தேதிக்குள் முடிய வேண்டும் அல்லது செப்டம்பர் 29ஆம் தேதியோ அதற்குப் பிறகோ முடிய வேண்டும் என்றும் விதித்தது. விதைத்தவரை இடைப்பட்ட கோடையில் அப்படி அறிவிப்புக் கொடுத்து வெளியேற்ற முடியாது. இங்கிலாந்தில் அந்த விதி இன்றும் நடப்பில் இருக்கிறது.